சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தை எப்படி இறக்குகிறது?

மதுரை மாட்டுத்தாவணி பூச்சந்தையில் யாரோ கூடைகளின் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று வையுங்கள். உள்ளே போகாத மல்லிகை வெயிலில் வாடும். வெளியூருக்கு அனுப்பச் சரக்கு இருக்காது.

சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952-இல் பிரித்தெடுத்த ரிசர்பைன் செய்வது இதைத்தான்.

நம் நரம்பு முனைகளிலும் குட்டிக் கூடைகள் உண்டு. அவற்றில் இருப்பது நார்அட்ரினலின். அது வெளியே கொட்டினால் ரத்தக்குழாய் இறுகும், அழுத்தம் ஏறும். ரிசர்பைன் கூடை வாயை அடைக்கிறது. கூடைக்குள் போகாமல் தங்கியதை நரம்பிலுள்ள நொதிகள் சிதைத்துவிடும். 'இறுகு' என்று சொல்ல ஆளில்லை, குழாய் தளர்கிறது. பழைய இருப்பு தீர வேண்டுமே, அதனால் முழுப் பலன் தெரிய நாளாகும்.

பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-இல் இந்த வேரைப் பற்றி எழுதியதும் மேலைநாடுகள் திரும்பிப் பார்த்தன.

மூளையிலும் இதே கூடைகள்தானே? மனச்சோர்வு வருமோ என்ற அச்சம் எழுந்தது. இன்று இதை எழுதித்தரும் மருத்துவர்கள் குறைவு.