கூரைக்கும் வேண்டும் ஆண்டுச் சோதனை

2024ஆம் ஆண்டு மே 29 அன்று தில்லி சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அதற்கு முந்தைய 79 ஆண்டுகளில் அவ்வளவு வெப்பம் அங்குப் பதிவானதில்லை. ஒரு மாதம் கழிந்து, ஜூன் 28 காலையில் நிறைவுற்ற 24 மணி நேரத்தில், அதே நிலையம் 228.1 மில்லிமீட்டர் மழையை அளந்தது. 2021 ஜனவரி முதல் நாளில் அங்கே நிலவிய குறைந்த வெப்பநிலை 1.1 டிகிரி. இம்மூன்று பருவங்களையும் முதலில் எதிர்கொள்வது வீட்டின் கூரையே. வீட்டுக்கடன் தவணையை மாதந்தோறும் நினைவிற்கொள்ளும் நாம், கூரையை நினைப்பதோ அது ஒழுகும்போதுதான்.

குளிர்நாடுகளின் சரிவுக்கூரை வீடுகளில் கூரைக்கும் அறைக்கும் இடையே ஒரு வெற்றிடம் உண்டு. அங்கே வெப்பக்காப்புப் பொருளை நிரப்பி, காற்று வழிகளை அமைத்து, ஆண்டுதோறும் சோதிப்பர். தில்லியின் அடுக்குத்தள வீடுகளில் அத்தகைய இடைவெளி இல்லை. உறங்குபவருக்கும் சூரியனுக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஐந்தாறு அங்குலக் காங்கிரீட் மட்டுமே. பகலெல்லாம் வெப்பத்தை வாங்கிவைக்கும் அத்தளம், இரவில் அதனை அறைக்குள் இறக்குகிறது. ஆகவே, இங்கே சோதிக்க வேண்டிய இடம் மொட்டை மாடி. சோதனைக்கு ஒரு வரிசையும் உண்டு: முதலில் நீர், அடுத்து வெப்பம், பின்னர் காற்று. வரிசை மாறினால் செலவு வீணாகும். காற்றை மறந்தாலோ உயிருக்கே கேடு நேரக்கூடும்.

முதலில் நீர்

ஈரம் இறங்கும் தளத்தின்மீது வெப்பக்காப்பு இடுவது, புண்ணை மூடிக் கட்டுவதற்கு ஒப்பாகும். பருவமழைக்கு முன்பே, மே மாதத்திற்குள், மாடியை ஒருமுறை பார்வையிடுக. கைப்பிடிச்சுவர் தளத்தோடு சேரும் மூலை, குழாய்கள் துளைத்துச் செல்லும் இடம், தண்ணீர்த் தொட்டியின் அடிப்பகுதி, மழைநீர் வெளியேறும் வாய் ஆகிய நான்கிலுமே பெரும்பாலான கசிவுகள் தொடங்குகின்றன. ஒரு வாளி நீரை ஊற்றினால், அது மழைநீர்க் குழாயை நோக்கி ஓடுகிறதா, நடுவில் தேங்குகிறதா என்பது விளங்கிவிடும்.

பிறகு வீட்டினுள் கூரையின் அடிப்பக்கத்தைக் காண்க. வெண்ணிற உப்புப் பூத்திருப்பது ஈரத்தின் அடையாளம். கம்பியின் போக்கிலே செந்நிறக் கறையோ நீண்ட விரிசலோ தென்பட்டால், உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கலாம். தட்டும்போது வெற்றொலி எழும் இடங்களில் மேற்பூச்சு மட்டும் போதாது. கட்டமைப்புப் பொறியாளரை அழைத்தல் வேண்டும். பொய்க்கூரை அமைத்த அறைகளில் இக்குறிகள் மறைந்துவிடும். ஆதலால் அங்கே திறந்து பார்ப்பதற்கான சிறு கதவு ஒன்று இருத்தல் நலம்.

தில்லி நிலநடுக்க வரைபடத்தின் நான்காம் மண்டலத்தில் உள்ளது. 2025 பிப்ரவரி 17 அதிகாலையில் தௌலா குவான் அருகே மையம் கொண்ட 4.0 அளவிலான அதிர்ச்சி பலரையும் எழுப்பியது நினைவிருக்கும். 1,000 லிட்டர்த் தொட்டி நிறைந்தால் நீரின் எடை மட்டும் ஒரு டன். தொட்டிகளையும் புதிய அறைகளையும் மாடியில் ஏற்றுமுன், அடியில் உள்ள தூணும் உத்தரமும் அச்சுமையைத் தாங்குமா என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

அடுத்து வெப்பம்

முன்னோர் இதை அறிந்தே கட்டினர். தமிழகத்தின் ‘மெட்ராஸ் டெரஸ்’ தளத்தில் மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் நிறுத்திவைத்து அடுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தனர். தில்லியிலும் பஞ்சாபிலும் ‘மட் புஸ்கா’ என்ற முறையில் வைக்கோல் கலந்த களிமண்ணைத் தளத்தின்மேல் அடித்து இறுக்கி, செங்கல் ஓடு பாவினர். தடிப்பான இவ்வடுக்குகள் வெப்பத்தைத் தாமதப்படுத்தின. அவற்றைக் கைவிட்டு வெறுங்காங்கிரீட்டுக்கு மாறியபோது கட்டுமானம் விரைவாயிற்று, மேல்தளமோ உலையாயிற்று.

2018இல் நடுவண் அரசு வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் குடியிருப்பு ஆற்றல் விதித்தொகுப்பு, கூரையின் வழியே வெப்பம் கடக்கும் அளவிற்கு ஓர் உச்சவரம்பு வகுத்துள்ளது: சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டிற்கு, 1.2 வாட். காப்பு இல்லாத காங்கிரீட் தளத்தில் இது ஏறத்தாழ இரண்டரை மடங்குக்கும் மேல். நீர்த்தடுப்பின்மேல் 50 மில்லிமீட்டர் கெட்டி நுரைப்பலகை பதித்து, அதன்மேல் ஓடு பாவினால், அளவு வரம்புக்கு வெகுவாகக் கீழே இறங்கும்.

குறைந்த செலவில் இயல்வது வெண்பூச்சு. வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சையோ உடைந்த வெள்ளை ஓட்டையோ கொண்டு தளத்தை வெளுப்பாக்கலாம். தெலங்கானா அரசு 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. எனினும் தில்லிவாசிகள் ஒன்றைக் கருத வேண்டும். வெண்பூச்சு கோடையில் உதவும். ஜனவரியில் அது இளவெயிலின் வெதுவெதுப்பையும் திருப்பிவிடும். வெப்பக்காப்போ இரு பருவங்களிலும் பயன்படும். கைப்பொருள் அனுமதித்தால் காப்பை முதலில் இடுக. இல்லையேல் வெண்பூச்சிலிருந்து தொடங்குக.

காற்றை அடைக்கலாகாது

பழைய அரசுக் குடியிருப்புகளில் கூரையை ஒட்டி ‘ரோஷன்தான்’ எனப்படும் சிறு சாளரங்கள் இருக்கும். வெப்பக் காற்று மேலெழுந்து அவற்றின் வழியே வெளியேறும். குளிர்பதனப் பெட்டி வந்தபின் பல வீடுகளில் அவற்றைப் பலகையிட்டு அடைத்துவிட்டனர். மேற்கூறிய விதித்தொகுப்பு, திறக்கக்கூடிய சாளரப் பரப்பு வீட்டுத் தரைப்பரப்பில் தில்லி போன்ற கலப்புத் தட்பவெப்ப நகரங்களில் 12.5 விழுக்காடும், சென்னை போன்ற புழுக்கமான நகரங்களில் 16.66 விழுக்காடும் இருக்க வேண்டும் என்கிறது. 800 சதுர அடி வீட்டுக்குத் தில்லிக் கணக்கில் 100 சதுர அடி. நகர்த்தித் திறக்கும் சாளரத்தில் பாதியே திறக்கும் என்பதால், பாதியை மட்டுமே கணக்கில் சேர்க்க வேண்டும்.

இது வசதிக்கு மட்டுமான கணக்கன்று. 2024 ஜனவரி 14 அன்று தில்லியில் இரு வேறு இடங்களில், குளிர்காய மூட்டிய ‘அங்கீட்டி’ எனும் கரியடுப்பின் புகையால் இரு குழந்தைகள் உட்பட ஆறு பேர் மாண்டனர். அடைத்த அறையில் எரியும் கரி, கார்பன் மோனாக்சைடை வெளியிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் விழிப்பதற்கு முன்பே உணர்விழந்துவிடுவார். குளியலறையினுள் பொருத்திய எரிவாயு வெந்நீர்க் கலமும் இதே ஆபத்தைத் தரும். அக்கலத்தை வெளிக்காற்று படும் இடத்தில் அமைக்க வேண்டும். உறங்கும் அறையில் கரியடுப்பு எக்காலத்தும் ஆகாது. மாசு மிகுந்த நாள்களிலும் நண்பகலுக்குப் பின் சிறிது நேரம் சாளரங்களைத் திறந்துவைத்தல் நன்று.

பரணும் படிக்கட்டும்

பரணில் பழைய செய்தித்தாளும் மெத்தையும் மின்கம்பியும் ஒன்றாய்க் கிடப்பது தீக்கு அழைப்பு. கனமான பெட்டிகளைக் கட்டிலுக்கு மேலுள்ள பரணில் வைக்க வேண்டாம். உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு குளிர்பதனப் பெட்டியின் கம்பிகளைச் சோதித்து, மின்கசிவு நேர்ந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்துக. மாடியறையின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைக்கவோ துளைக்கவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலுக்குப் பெருந்தீங்கு.

2019 டிசம்பர் 8 அன்று தில்லி அனாஜ் மண்டித் தீவிபத்தில் 43 தொழிலாளர்கள் மாண்டனர். பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது புகையே. குடியிருப்புகளுக்கும் அது பாடம். படிக்கட்டில் பொருள்களை அடுக்காதிருத்தலும், மாடிக் கதவின் சாவி எல்லாத் தளத்தாரிடமும் இருத்தலும் செலவில்லாத பாதுகாப்பு.

செலவும் ஆவணமும்

தளம் ஒவ்வொன்றும் ஒருவருக்கு உரிமையான கட்டடங்களில், கூரையின் உரிமை எவருக்கு என்பதைக் கிரயப்பத்திரத்தில் பார்த்துக்கொண்டு, மற்றவர்களின் எழுத்துமூல இசைவோடு பணியைத் தொடங்குக. பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் வங்கிகள் கடன் வழங்குகின்றன. பழைய வருமான வரிமுறையைத் தெரிந்தெடுத்தவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு ரூ. 30,000 வரை கழிவு பெறலாம். மாடியில் சூரியமின் தகடுகள் அமைக்க எண்ணுவோர் நீர்த்தடுப்பை முதலில் முடித்துவிடுதல் சிக்கனம். தகடுகள் ஏறியபின் தளத்தைச் செப்பனிடுவது கடினம்.

2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பொதுக் காப்பீட்டில் தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம் ஆகியவற்றால் வீட்டுக்கு நேரும் சேதம் அடங்கும். நாளடைவில் கசிவாலும் தேய்மானத்தாலும் நேரும் சிதைவு அடங்காது. அதனைத் தடுப்பது உரிமையாளரின் கண்ணும் கையும்தான்.

மே மாதத்தில் நீரும் வெப்பமும், நவம்பரில் காற்றும் மின்கம்பியும் என ஆண்டுக்கு இரண்டு நாள்களை நாட்காட்டியில் குறித்துவைத்தால் போதும். ஒவ்வொரு முறையும் கூரையை அதே இடங்களில் நிழற்படம் எடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்துவைக்கவும். விரிசல் வளர்கிறதா என்பதை அடுத்த ஆண்டின் படம் சொல்லிவிடும். காப்பீடு கோர நேர்ந்தால் அதுவே சான்றுமாகும்.