மோட்டார் சைக்கிளுக்குக் கார் எண்ணெய் ஏற்றதா?

கோத்தா கோலா மூடா முதல் குரூண் வரையுள்ள தோட்டங்களில், விடியுமுன் பால்வெட்டுக்குச் செல்லவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் மோட்டார் சைக்கிளே பலருக்கும் துணை. காருக்கு ஊற்றியது போக மிஞ்சிய எஞ்சின் எண்ணெயை இதற்கும் ஊற்றலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பே. அதனை இங்கு ஆராய்வோம்.

காரின் எஞ்சினுக்கும் கியருக்கும் பெரும்பாலும் தனித்தனி எண்ணெய் உண்டு. ஆனால் குரூணிலுள்ள மொடனாஸ் தொழிற்சாலை 1996இல் வெளியிட்ட கிரிஸ் போன்ற நான்கு ஸ்ட்ரோக் கப்சாய் வண்டிகளில் எஞ்சின், கியர், கிளட்ச் ஆகிய மூன்றும் ஒரே எண்ணெயில் இயங்குகின்றன.

கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றினால்தான் எஞ்சினின் வலிமை சக்கரத்தைச் சேரும். பெட்ரோலைச் சிக்கனப்படுத்துவதற்காக இக்காலக் கார் எண்ணெய்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. காருக்கு நன்மை தரும் அப்பொருள்களே கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்யலாம். அப்போது எஞ்சின் இரையுமே தவிர, வண்டி இழுக்காது. சுமையோடு மேடு ஏறுகையில் இக்குறை நன்கு புலப்படும். வழுக்கும் தட்டுகள் சூடேறி விரைவில் தேயும். மேலும், கியர்ப் பற்களிடையே நசுங்குவதால் எண்ணெயின் கெட்டித்தன்மையும் குறையும்.

இதனைக் கருதியே ஜப்பானில் 1998இல் ஜாசோ டி903 என்னும் தர அளவு வகுக்கப்பட்டது. எண்ணெய்க் கலனில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ.2’ எனக் குறித்திருந்தால், அது கப்சாய் வண்டிக்கு ஏற்றது. ‘எம்.பி.’ என்பது எண்ணெயில் நனையாத கிளட்ச் கொண்ட ஸ்கூட்டர்களுக்கு உரியது. ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ எனப் பொறித்த கார் எண்ணெயைக் கப்சாய்க்குத் தவிர்த்தல் வேண்டும். பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளிலோ எண்ணெய் பெட்ரோலுடன் சேர்ந்து எரிவதால், அவற்றுக்கென உள்ள எண்ணெயையே ஊற்ற வேண்டும்.

கார் எண்ணெயை முன்பே ஊற்றியிருப்பின் அஞ்ச வேண்டியதில்லை. அதனை வடித்துவிட்டு, வண்டியின் கையேடு கூறும் எண்ணெயை ஊற்றுக. பின்னரும் கிளட்ச் வழுக்கினால் பட்டறையில் தட்டுகளைச் சோதிக்கச் செய்க. வடித்த எண்ணெயைக் கால்வாயில் கொட்டாது, பட்டறையில் ஒப்படைத்தல் நன்று.

எண்ணெயில் மிச்சம் பிடிக்கும் சில ரிங்கிட், கிளட்ச் பழுதானால் ஒரு நாள் கூலியோடு சேர்ந்தே போய்விடும். ஆகவே, வாங்குமுன் கலனின் பின்புறத்தைப் படித்துப் பார்ப்போமாக.