பறவையா, படமா?



சில ஆண்டுகளுக்கு முன் பங்குனி மாத நண்பகல் ஒன்றில், நண்பர்கள் மூவர் புதிதாக வாங்கிய கேமராவோடு நீர் வற்றிய ஏரி ஒன்றில் இறங்கினோம். ஆள்காட்டிக் குருவி ஒன்று எங்கள் தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்திக்கொண்டே இருந்தது. இவ்வளவு அருகில் வருகிறதே என்று மகிழ்ந்து, படத்துக்குமேல் படமாக எடுத்தோம். அரைமணி நேரம் கழிந்தது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வந்தார். "தம்பி, அது முட்டை விட்டிருக்கு. நீங்க நிக்கிறதாலதான் வந்து உக்கார மாட்டேங்குது. வெயில்ல முட்டை வெந்துடும், நகருங்கப்பா" என்றார். பார்த்தால், எங்களுக்குப் பத்தடி தூரத்தில், கூழாங்கற்களோடு கற்களாக நான்கு முட்டைகள் கிடந்தன!

வெட்கத்தோடு விலகினோம். படங்கள் நன்றாகவே வந்திருந்தன. ஆனால் அவற்றை யாருக்கும் காட்ட எங்களுக்கு மனம் வரவில்லை.

அந்தப் பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டுவதில்லை. வெறும் தரையில்தான் முட்டையிடுகிறது. கோடையில் அது முட்டைகளின்மேல் அமர்வது சூடேற்றுவதற்காக மட்டுமல்ல, நிழல் கொடுப்பதற்காகவும்தான். அருகிலுள்ள நீரில் வயிற்று இறகுகளை நனைத்து வந்து, அந்த ஈரத்தால் முட்டைகளைக் குளிர்விப்பதும் உண்டு. மனிதர் ஒருவர் அருகில் நிற்கும்வரை இந்த வேலை அனைத்தும் நின்றுபோகிறது. காகமும் நாயும் இதைக் கவனித்து வருவது இன்னோர் ஆபத்து.

அப்படியானால் பறவைகளைப் படம் எடுப்பதே தவறா? இல்லை. இது மிக நல்ல பொழுதுபோக்கு. அதிகாலையில் எழ வைக்கிறது. அமைதியாகக் காத்திருக்கக் கற்றுத்தருகிறது. நம் தெருவில் எத்தனை வகைப் பறவைகள் வாழ்கின்றன என்பதை முதன்முறையாக நமக்குக் காட்டுகிறது.

இந்தக் கலையின் முன்னோடிகளும் பொறுமைசாலிகளாகவே இருந்தார்கள். இங்கிலாந்தின் ரிச்சர்ட் கியர்டன், செரி கியர்டன் என்னும் சகோதரர்கள் 1895ஆம் ஆண்டு, பறவைக் கூடுகளைப் பற்றி முழுவதும் புகைப்படங்களுடன் கூடிய நூலை வெளியிட்டார்கள். பறவைகள் அஞ்சாதிருக்க, மாட்டுத் தோலால் பொய்மாடு ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிந்திருந்தும் படம் எடுத்தார்கள். அதே நாட்டின் எரிக் ஹாஸ்கிங் 1937ஆம் ஆண்டு ஆந்தைக் கூட்டருகே சென்றபோது, தாய் ஆந்தை தாக்கி ஓர் கண்ணை இழந்தார். கூட்டைக் காக்கும் பறவை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் தமிழகத்தின் மா. கிருஷ்ணன் (1912–1996), பல கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட கருவியால், கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் பதிவு செய்தார்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் வீட்டைச் சுற்றியுள்ள மைனா, தேன்சிட்டு, மீன்கொத்தி ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். காலை ஒளியே சிறந்தது. கதிரவன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பறவையின் கண் தெளிவாக விழும்படி ஃபோகஸ் செய்யுங்கள். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ, அதைவிடக் குறைவான நேரமோ இருப்பது நல்லது. 300 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டெலி லென்ஸ் இருந்தால், பறவையை நெருங்காமலே படம் எடுக்கலாம். லென்ஸ் சிறியதென்றால், படத்தில் பறவையும் சிறியதாக இருக்கட்டுமே!

சில கட்டுப்பாடுகளும் உண்டு. கூட்டருகே போகக்கூடாது, படம் நன்றாக விழவேண்டுமென்று மறைக்கும் கிளையை ஒடிக்கக்கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதையும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. கையில் துப்பாக்கி இல்லை, கேமராதான் இருக்கிறது என்பது சமாதானமாகாது. அலைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். எதிரி தன் எல்லைக்குள் வந்துவிட்டான் என்று எண்ணி, அது இரை தேடுவதையும் குஞ்சுகளையும் விட்டுவிட்டு ஓடி வருகிறது. அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தை எல்லாருக்கும் அறிவித்துக் கூட்டம் சேர்ப்பதும் அதற்குத் தீங்கே.

பறவை நிமிர்ந்து நம்மை உற்றுப் பார்த்தாலே, தின்பதை நிறுத்தினாலே, கத்தத் தொடங்கினாலே, நாம் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று பொருள். அந்த நொடியில் பின்வாங்கத் தெரிந்தவரே நல்ல புகைப்படக்காரர்.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், தங்கள் கண்மாய்க்கு வந்து தங்கும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை என்பது நாம் அறிந்ததே. அவர்கள் ஒரு பண்டிகையின் மகிழ்ச்சியையே விட்டுக்கொடுக்கும்போது, நாம் ஒரு படத்தை விட்டுக்கொடுக்கக் கூடாதா?

அந்த ஏரிக்கு அடுத்த வாரமே மீண்டும் சென்றோம். இம்முறை கரையிலேயே நின்றுகொண்டோம். வெகுதூரத்தில் ஆள்காட்டி தன் முட்டைகளின்மேல் அமர்ந்திருந்தது. கத்தவில்லை. கேமராவில் அது ஒரு புள்ளியாகத்தான் விழுந்தது. அந்தப் படத்தைத்தான் இன்று எல்லாருக்கும் காட்டுகிறோம்.