ஒரு தொடருக்கு இரண்டு சந்தா! அனிமே ரசிகர்களைத் தவிக்கவிட்ட 'எக்ஸ்க்ளூசிவ்' ஒப்பந்தங்கள்

"இது எந்த ஆப்ல இருக்கு?"

படம் பார்க்க ரிமோட்டைக் கையில் எடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி இதுதான். நாலு ஆப்புக்குப் பணம் கட்டியிருப்போம். தேடும் படம் ஐந்தாவது ஆப்பில் இருக்கும். இந்தத் தலைவலியை நமக்கு முன்பே முழுசாக அனுபவித்தவர்கள் அமெரிக்காவின் அனிமே ரசிகர்கள்.

ஜப்பானில் தயாராகும் அனிமேஷன் தொடர்கள்தான் அனிமே. அங்கே டி.வி-யில் வாரம் ஒரு எபிசோடு என்ற கணக்கில், பெரும்பாலும் 12 அல்லது 13 வாரங்களுக்கு ஒளிபரப்பாகும். வெளிநாட்டு ரசிகர்கள் ஒருகாலத்தில், யாரோ ஆர்வலர்கள் சப்டைட்டில் போட்டு இணையத்தில் ஏற்றும் திருட்டுப் பிரதிகளை நம்பியே இருந்தார்கள். 2009-ல் 'நருடோ ஷிப்புடென்' தொடரை, ஜப்பானில் ஒளிபரப்பான கையோடு ஆங்கில சப்டைட்டிலுடன் முறைப்படி தரத் தொடங்கியது க்ரஞ்ச்ரோல் தளம். அப்போது மாதம் 6.95 டாலர் கட்டியவர்களுக்குப் புது எபிசோடு உடனே கிடைத்தது. பணம் கட்டாதவர்களும் ஒரு வாரம் பொறுத்திருந்து, விளம்பரங்களோடு இலவசமாகப் பார்க்க முடிந்தது. மாணவர்களுக்கு இது பெரிய வரமாக இருந்தது.

பூட்டுக்கு மேல் பூட்டு

அந்த நிம்மதியைக் கலைத்தது அமேசான். 2016-ல், ஜப்பானின் ஃபுஜி டி.வி-யில் பேர்பெற்ற 'நொய்டமினா' நேரத்தில் வரும் தொடர்களைத் தன் தளத்துக்கு மட்டும் என ஒப்பந்தம் போட்டது. அடுத்து, 2017 ஜனவரியில் அமெரிக்காவில் 'அனிமே ஸ்ட்ரைக்' என்ற தனி சேனலைத் தொடங்கியது.

சந்தா மாதம் 4.99 டாலர். கேட்பதற்குக் குறைவுதான். ஆனால், ஆண்டுக்கு 99 டாலர் கட்டி பிரைம் வாடிக்கையாளராக இருப்பவர்கள்தான் அதில் சேர முடியும். இரண்டையும் கூட்டினால் ஆண்டுக்கு சுமார் 159 டாலர். க்ரஞ்ச்ரோலுக்கு ஆகும் செலவைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! முன்வாசலுக்கு ஒரு டிக்கெட், உள்ளே இருக்கும் அறைக்கு இன்னொரு டிக்கெட் என்ற கதைதான்.

அந்த ஆண்டின் மிகச் சிறந்த தொடர்களில் சில அந்த அறைக்குள்தான் இருந்தன. ஆழம் காண முடியாத பள்ளத்துக்குள் ஒரு சிறுமி இறங்கிச் செல்லும் 'மேட் இன் அபிஸ்', ரத்தினக் கற்களே மனிதர்களாக நடமாடும் 'லேண்ட் ஆஃப் தி லஸ்ட்ரஸ்' இரண்டும் அதில் அடக்கம். ஒரு தொடர் பிடித்துப்போனால், 'நீயும் பாரேன்' என்று நண்பனிடம் சொல்வதுதான் ரசிகனின் முதல் வேலை. அதையே சொல்ல முடியாமல் போனது.

கடைசியில் 2018 ஜனவரியில், ஓராண்டிலேயே கடையைக் கட்டியது அனிமே ஸ்ட்ரைக். இந்தியப் படங்களுக்காக அதே அமேசான் அமெரிக்காவில் நடத்திய 'ஹீரா' சேனலும் கூடவே மூடப்பட்டது. அனிமே தொடர்கள் கூடுதல் கட்டணமின்றி பிரைமுக்கு வந்தன.

காத்திருப்புச் சிறை

நெட்ஃபிளிக்ஸில் வேறு மாதிரியான சிக்கல். முழு சீசனையும் ஒரே மூச்சில் பார்ப்பது அதன் பாணி. 'லிட்டில் விட்ச் அகாடமியா' 2017 ஜனவரியில் ஜப்பானில் தொடங்கி, ஜூன் மாதக் கடைசியில் 25 எபிசோடுகளையும் முடித்துவிட்டது. அதன் பிறகே, முதல் 13 எபிசோடுகளை மட்டும் வெளியிட்டது நெட்ஃபிளிக்ஸ். இந்தக் காத்திருப்புக்கு ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் 'நெட்ஃபிளிக்ஸ் சிறை'.

'ஆறு மாசம் பொறுத்தா என்ன?' என்று கேட்கலாம். நேற்றைய கிரிக்கெட் மேட்ச்சை இன்று பார்க்கச் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? அனிமே ரசிகர்களுக்கும் அப்படித்தான். எபிசோடு முடிந்ததும் அடுத்து என்ன நடக்கும் என்று வாரம் முழுக்க நண்பர்களோடு விவாதிப்பதில்தான் பாதி சுகம். உலகமே பேசி முடித்த பிறகு, முடிவு தெரிந்த கதையைப் பார்ப்பதில் என்ன சுவாரஸ்யம்? காசு கொடுக்கத் தயாராக இருந்தவருக்கும் சட்டப்படி பார்க்க வழியில்லாதபோது, கள்ளத்தளங்களுக்குத்தான் கொண்டாட்டம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. 'எங்களுக்கு மட்டும்' என்று கேட்கும் நிறுவனம் அதற்கேற்ற விலையையும் கொடுக்கும். அந்தப் பணம் தயாரிப்பாளர்களுக்குப் பெரிய பலம். அனிமே பெயரையே கேள்விப்படாதவர்கள் வீட்டுக்கும் அதைக் கொண்டுசேர்த்ததில் பெரிய தளங்களுக்குப் பங்கு உண்டு.

எல்லாம் ஒரே இடத்தில் வந்தால்?

'அப்படியானால் எல்லாமே ஒரே ஆப்பில் இருந்தால் நல்லதுதானே?' அதற்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. ஃபனிமேஷன் என்ற அனிமே நிறுவனத்தைக் கையில் வைத்திருந்த சோனி, 2021-ல் க்ரஞ்ச்ரோலையும் 117.5 கோடி டாலருக்கு வாங்கியது. இரண்டையும் ஒன்றாக்கி, 2024 ஏப்ரலில் ஃபனிமேஷன் ஆப்பை மூடியது. ப்ளூ-ரே டிஸ்க்குடன் தரப்பட்ட டிஜிட்டல் பிரதிகளை அந்த ஆப்பில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு, அவை க்ரஞ்ச்ரோலில் கிடைக்கவில்லை. ஆப்போடு அவையும் போயின. அலமாரியில் டிஸ்க்கைப் பத்திரப்படுத்தியவர்கள் தப்பித்தார்கள்!

நல்ல மாற்றமும் தெரிகிறது. 2024 அக்டோபரில் 'டான்டாடான்' தொடர் க்ரஞ்ச்ரோல், நெட்ஃபிளிக்ஸ் இரண்டிலும் வாராவாரம் வந்தது. யார் எந்தச் சந்தா வைத்திருந்தாலும் ஒன்றாகப் பேச முடிந்தது.

இப்போது 'சோலோ லெவலிங்' தமிழ் பேசுகிறது. 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேஸில்' 2025 செப்டம்பரில் தமிழிலேயே நம் தியேட்டர்களுக்கு வந்தது. இனி இது நம் வீட்டுக் கதையும்கூட. எனவே, பிள்ளைகள் புது சந்தா கேட்டால் ஆண்டுக்கட்டணத்தை ஒரேயடியாகக் கட்ட அவசரப்பட வேண்டாம். பிடித்த தொடர் முடியும் வரை மாதச் சந்தா போதும். யூடியூபில் 'மியூஸ் இந்தியா' போன்ற உரிமம் பெற்ற சேனல்களில் அது இலவசமாக இருக்கிறதா என்று முதலில் தேடிப்பாருங்கள். முக்கியமாக, ஆப்பில் 'வாங்கு' என்ற பட்டனை அழுத்துவதற்கு முன் ஒரு கணம் யோசியுங்கள். அந்த ஆப் இருக்கும் வரைதான் அது உங்களுடையது!