கணக்கு யந்திரமும் முதற் பாடமும்

ஆண்டுதோறும் நம் கலாசாலைகளில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் புதிதாக வந்து சேருகிறார்கள். எஞ்சினியரிங்கில் எந்தப் பிரிவை எடுத்தவராயினும், ஆரம்பத்திலேயே அவர்கள் கற்க நேரும் பாடங்களில் ஒன்று, கம்ப்யூட்டர் என்னும் கணக்கு யந்திரத்தைப் பற்றிய அடிப்படைப் பாடமாகும். இப்பாடத்தை யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்று விசாரிக்கும் பெற்றோர் மிகச் சிலரே. கலாசாலை அதிகாரிகளிலும் பலர், நேற்று வேலைக்கு வந்த இளம் ஆசிரியரிடம் இதை ஒப்படைத்துவிட்டுக் கவலையற்றிருக்கிறார்கள். அஸ்திவாரத்தைப் புது ஆளிடம் விட்டுவிட்டு, மேல்மாடிக்குச் சாந்து பூசத் தேர்ந்த கொத்தனாரைத் தேடுவது போன்ற காரியம் இது.

இந்த அலட்சியம் தகாது என்பதற்கு நம் தேசத்தின் சரித்திரமே சான்று கூறுகிறது. கான்பூர் ஐ.ஐ.டி. 1959-ல் தோன்றியது. அதன் வளர்ச்சிக்கு ஒன்பது அமெரிக்கக் கல்வி ஸ்தாபனங்கள் உதவி செய்ய முன்வந்தன. அந்த உதவியின் பயனாக, 1963 ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 என்ற யந்திரம் கான்பூருக்கு வந்து சேர்ந்தது. அப்பொழுது டைரக்டராக இருந்தவர் பி. கே. கேல்கர். யந்திரத்தைச் சுற்றி ஒரு கல்வியைக் கட்டியெழுப்பியவர்களில் எச். கே. கேசவனும், வி. ராஜாராமனும் முக்கியமானவர்கள். ராஜாராமன் 1933-ல் ஈரோட்டில் பிறந்தவர். அமெரிக்காவின் விஸ்கான்சின் சர்வகலாசாலையில் டாக்டர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பியவர். 2025 நவம்பரில் அவர் காலமானார்.

அருமையாகக் கிடைத்த யந்திரத்தைப் பூட்டி வைத்து, ஆராய்ச்சியாளர் சிலருக்கு மட்டும் அதன் சாவியைக் கொடுத்திருந்தால் அன்று யாரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். கான்பூர் ஆசிரியர்கள் அப்படிச் செய்யவில்லை. பாலம் கட்டப் படிப்பவனும், உலோகத்தைப் பற்றிப் படிப்பவனும்கூட யந்திரத்துக்குக் கட்டளை எழுதக் கற்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். வெளியூர் விஞ்ஞானிகளுக்கும் எஞ்சினியர்களுக்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புகளை நடத்தினார்கள். இந்த ஆரம்பப் பாடம் வேரூன்றத் தொடங்கிய பின்னரே, 1965-ல், கம்ப்யூட்டர் சாஸ்திரத்தில் எம்.டெக். படிப்புக்கு வழி செய்தார்கள். முதலில் அடிப்படை, பிறகே மேற்படிப்பு என்ற இந்த வரிசை நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அந்த யந்திரமோ இன்றைய கணக்கில் மிகவும் எளியது. அதன் அடிப்படை அமைப்பில் 20,000 இலக்கங்களை மாத்திரமே நினைவில் வைத்திருக்க முடியும். கூட்டலைச் செய்வதற்கென்று தனிப்பட்ட உறுப்பு அதன் முதல் மாதிரியில் கிடையாது. ஒற்றை இலக்கங்களின் கூட்டல், பெருக்கல் வாய்ப்பாடுகள் நினைவுப் பகுதியில் எழுதி வைக்கப்பட்டிருக்கும். அவற்றைப் பார்த்தே அது கணக்கிடும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளை, அதன் துணையால் பெரிய கணக்கைப் போடுவது போலத்தான். யந்திரத்துக்குச் சுயபுத்தி இல்லை என்பதையும், சொல்லி வைத்ததையே அது செய்கிறது என்பதையும் விளக்க இதைவிடச் சிறந்த உபகரணம் வேறு வேண்டியதில்லை. யந்திரம் ஒன்று, மாணவர்கள் பலர். ஆகவே கட்டளைகளை அட்டைகளில் துளையிடுமுன், காகிதத்தில் எழுதி, வரி வரியாகச் சரிபார்க்கும் பழக்கம் இன்றியமையாததாயிற்று. வறுமையே அங்கு நல்லாசிரியனாக வாய்த்தது.

அப்படியானால் அடிப்படை என்பது யாது? ஓர் உதாரணம் கூறுவோம். இரண்டு எண்களுக்குப் பொதுவான மிகப் பெரிய வகு எண்ணைக் கண்டுபிடிக்க, யூக்ளிட் என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முறையை எழுதி வைத்தார். 252, 105 என்ற எண்களை எடுத்துக்கொள்வோம். பெரியதைச் சிறியதால் வகுத்தால் மீதி 42. பிறகு 105-ஐ 42-ஆல் வகுத்தால் மீதி 21. 42-ஐ 21-ஆல் வகுத்தால் மீதி இல்லை. ஆகவே விடை 21. இச்சிறு கணக்கில், எண்ணை ஓரிடத்தில் வைத்துக்கொள்வது, வரிசையாகச் செய்வது, நிபந்தனை பார்ப்பது, திரும்பத் திரும்பச் செய்வது ஆகிய நான்கும் அடங்கியிருக்கின்றன. இது என்றாவது முடியுமா, எண்களில் ஒன்று பூஜ்யமாயிருந்தால் என்ன நேரும் என்று கேட்கத் தெரிந்த மாணவன் பாடத்தைக் கற்றவனாவான். இக்கட்டளைகளைக் குறியீடு தவறாமல் ஒப்பிப்பவன் கற்றவனாகமாட்டான்.

கான்பூர் வகுப்பறை அனுபவத்தைக் கொண்டு ராஜாராமன் 1969-ல் புரோகிராம் எழுதும் முறையைப் பற்றி ஒரு புத்தகத்தை வெளியிட்டார். எளிய நடை, குறைந்த விலை என்ற இரண்டு குணங்களால் அது தேசமெங்கும் பரவியது. யந்திரத்தைக் கண்ணால் பாராத ஊர்களிலும் அதைப் படித்தவர்கள் உண்டு.

இன்றைய நிலை என்ன? பரீட்சைக்கு வரக்கூடிய பத்துப் பதினைந்து புரோகிராம்களை மனப்பாடம் செய்து எழுதினால் மார்க் கிடைத்துவிடுகிறது. பள்ளியில் தமிழிலே படித்து வந்த மாணவன், ஆங்கிலம் ஒரு புறமும் குறியீடுகள் மறு புறமும் நெருக்க, கேள்வி கேட்கவே அஞ்சி நெட்டுருவையே கதியென்று பற்றிக்கொள்கிறான். தவறு அவனுடையதன்று.

இதற்கிடையே, கேட்ட மாத்திரத்தில் புரோகிராமை எழுதித் தரும் யந்திரங்களும் வந்துவிட்டன. இனி இப்பாடமே எதற்கு என்று சிலர் வினவுகிறார்கள். 1996 ஜூன் 4-ல் நடந்த ஒரு சம்பவத்தை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். அன்று ஐரோப்பிய நாடுகளின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்பி, சுமார் 40 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. காரணம் என்ன? பழைய ஏரியான் 4 ராக்கெட்டுக்கு எழுதிய புரோகிராமின் ஒரு பகுதி அப்படியே புதியதிலும் வைக்கப்பட்டிருந்தது. புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 32,767-க்கு மேல் கொள்ளாத இடத்தில் அதைவிடப் பெரிய எண்ணை வைக்க யந்திரம் முயன்றது. வழிகாட்டும் சாதனம் செயலற்றது. மாற்றாக வைத்திருந்த சாதனமும் அதே பிழையால் நின்றது. ஓரிடத்தில் எவ்வளவு பெரிய எண் அடங்கும் என்பது முதல் வருஷத்துப் பாடம்! தேர்ந்த நிபுணர்களே அதைக் கவனியாது விடக்கூடுமானால், பிறர் எழுதியதையும் யந்திரம் எழுதியதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கும் தலைமுறையின் கதி என்னாகும்? எழுதும் வேலை எளிதாக ஆக, சரி பார்க்கும் அறிவின் தேவை பெருகுமேயன்றிக் குறையாது.

ஆகவே கலாசாலைகளை நடத்துவோர் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறோம். முதலாவது, இந்த ஆரம்பப் பாடத்தை அனுபவத்தில் மூத்த ஆசிரியர்களே நடத்த வேண்டும். இரண்டாவது, யந்திரத்தின் முன் உட்காருமுன் மாணவன் காகிதத்திலே கணக்கை நடத்திப் பார்க்க வேண்டும். பரீட்சையும், பிழையுள்ள புரோகிராமைக் கொடுத்து அதன் குற்றத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுவதாக இருக்க வேண்டும். மூன்றாவது, கருத்தை விளக்கும்போது ஆசிரியர் தயக்கமின்றித் தமிழில் பேச வேண்டும். மாணவனும் தமிழில் வினவலாம் என்ற தைரியத்தை அவனுக்கு அளிக்க வேண்டும். கருத்துப் புரிந்தபின் எந்தக் குறியீட்டில் எழுதுவதும் கடினமன்று.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. 20,000 இலக்கங்களை நினைவில் வைக்கும் ஒரு யந்திரத்தைக் கொண்டு கான்பூரில் சிலர் ஒரு தேசத்துக்கே வழிகாட்டினார்கள். இன்று நம் மாணவன் ஒவ்வொருவன் சட்டைப் பையிலும் அதனினும் பன்மடங்கு வல்லமையுள்ள யந்திரம் இருக்கிறது. குறைவாயிருப்பது யந்திரமன்று, அதை ஆளும் அறிவை ஊட்ட வேண்டுமென்ற அக்கறையே. அதைக் கலாசாலைகள் இவ்வாண்டிலேயே காட்டுமாறு வேண்டுகிறோம்.