பழைய படங்களும் புதிய தெளிவும்

பெங்களூர் காக்ஸ் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய இல்லம் ஒன்றில், பாட்டனார் தம் பேரனுக்கு 'ஹரிதாஸ்' படத்தைக் காட்ட விழைகிறார் என வைத்துக்கொள்வோம். 1944-இல் வெளிவந்து, சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம் அது. ஆனால் கைக்கு எட்டும் பிரதியில் பாகவதரின் முகம் மங்கிக் கிடக்கிறது. பாட்டின் சொற்கள் இரைச்சலில் அமிழ்ந்து போகின்றன. பேரன் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுகிறான். இதில் குற்றம் யாருடையது? பேரனுடையதன்று; படத்தினுடையதுமன்று; பிரதியினுடையதே.

பழைய படங்கள் 35 மில்லிமீட்டர் சுருளில் பதிவானவை. 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட இன்றைய உயர்தெளிவுத் திரை காட்டுவதைவிட மிகுந்த நுட்பம் நல்லதொரு மூல நெகடிவில் உறைந்திருக்கிறது. எனினும், நம் வீடுகளை வந்தடைந்தவை பெரும்பாலும் அரங்குகளில் ஓடித் தேய்ந்த பிரதிகளிலிருந்து வீடியோ நாடாவுக்கும், நாடாவிலிருந்து மீண்டும் மீண்டும் வேறு பிரதிகளுக்கும் மாற்றப்பட்டவையே. நிழலுக்கு நிழல் எடுத்தால் உருவம் தெளியுமா?

அங்ஙனமாயின் மூலத்திலிருந்தே புதுப்பிரதி எடுக்கலாகாதா எனக் கேட்கலாம். தடைகள் மூன்று உள.

முதலாவது, மூலமே இல்லாமை. 1950-களின் தொடக்கம் வரை வழங்கிய நைட்ரேட் சுருள் எளிதில் தீப்பற்றும் இயல்பினது. பின்வந்த அசிடேட் சுருளோ, வெப்பத்தாலும் ஈரத்தாலும் புளித்த காடி நாற்றம் வீசிச் சுருங்கிப் போகும். வெள்ளிக்காக உருக்கப்பட்ட சுருள்களும் பல. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று நமக்குக் கிடைக்கவில்லை. செல்வம் மிக்க அமெரிக்க நாட்டிலும், பேசாப் படங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மறைந்துவிட்டதாக 2013-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல்தான் தோன்றிற்று. அதற்குள் அழிந்தவை அழிந்தன.

இரண்டாவது, செலவு. சுருளைக் கழுவி, கிழிசலை ஒட்டி, ஒவ்வொரு சட்டமாகப் படமெடுத்து, கீறலையும் இரைச்சலையும் நீக்கல் வேண்டும். ஒரு விநாடிக்கு 24 சட்டங்கள் எனில், மூன்று மணி நேரப் படத்தில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட சட்டங்கள்!

மூன்றாவது, உரிமை. நம் நாட்டுச் சட்டப்படி, திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கும். அதற்குள் உரிமை பலர் கைமாறி, எவரிடம் உள்ளதென்றே விளங்காமற் போவதுண்டு. காலம் முடிந்து பொதுவுடைமையான பின்போ, யாரும் வெளியிடக்கூடிய படத்திற்குப் பெருந்தொகை செலவிட முதலாளிகள் தயங்குவர்.

ஆயினும் மனந்தளர வேண்டியதில்லை. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி 1948-இல் வெளிவந்த உதயசங்கரின் 'கல்பனா' என்னும் இந்திப் படம், அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி நிறுவிய அமைப்பின் முயற்சியால் புத்துயிர் பெற்று, 2012-இல் கான் படவிழாவில் திரையிடப்பட்டது. அதே ஆண்டில், பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' புதுப்பிக்கப்பட்டுத் தமிழக அரங்குகளில் மீண்டும் வெற்றிநடை போட்டது. கன்னடத்திற்குக் 'கித்தூர் சென்னம்மா'வை அளித்த பெருமகனாரும் அவரே. கன்னட நாட்டில் வாழும் நமக்கு இது இரட்டிப்பு மகிழ்ச்சியன்றோ?

பிற மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் எழுத்தைக் கற்கும் வாய்ப்புக் குறைவு. அவர்கள் செவிக்குச் செந்தமிழ் வசனமும் இசையும் சென்று சேரும் வழிகளுள் திரைப்படம் ஒன்று. அவ்வழி மங்கலாகிவிடின் இழப்பு நம்முடையதே.

ஆகவே, நம்மால் இயன்றதைச் செய்வோம். பழைய பெட்டிகளில் கிடக்கும் பாட்டுப் புத்தகங்களையும் இசைத்தட்டுகளையும் எடைக்குப் போடாதிருப்போம். மறைந்த படங்கள் பலவற்றின் கதைச் சுருக்கத்தையும் நடிகர் பெயர்களையும் இன்று நமக்குச் சொல்பவை அச்சிறு புத்தகங்களே. புதுப்பிக்கப்பட்ட படம் அரங்கிற்கு வருங்கால், குடும்பத்தோடு சென்று காண்போம். காண்போர் உளர் எனத் தெரிந்தால், காப்போரும் முன்வருவர்.