ராப் பாட்டுக்குப் பாதை வெட்டிய மூத்தவர்கள்
எகிப்தில் இன்று அவர்களுக்கு என்ன இடம்?

2022 டிசம்பர் 18. கத்தார் நாட்டின் லுசைல் மைதானத்தில் உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். அர்ஜென்டினாவும் பிரான்சும் மோதுவதற்கு முன் நடந்த நிறைவு விழாவில் எகிப்து நாட்டு வாலிபர் ஒருவர் அரபு மொழியில் பாடினார். கூடியிருந்தவர்கள் சுமார் 89 ஆயிரம் பேர். பாடியவர் பெயர் வேக்ஸ். அலெக்சாந்திரியா துறைமுக நகரில் 1998-ல் பிறந்த ராப் பாடகர்.

அந்த மேடைக்குப் போகும் பாதையை வெட்டியவர்கள் வேறு. அவர்களில் சிலர் அதே அலெக்சாந்திரியாக்காரர்கள்.

பேச்சே பாட்டு

ராப் என்பது ராகம் இழுத்துப் பாடுவதல்ல. தாளத்துக்குள் பேச்சை அடக்கி, எதுகை பிசகாமல் மளமளவென்று சொல்லிக்கொண்டே போவது. ராப்பை உள்ளடக்கிய ‘ஹிப்-ஹாப்’ கலை பிறந்த இடம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. கூல் ஹெர்க் என்பவர் 1973 ஆகஸ்ட் 11-ந் தேதி இசைத்தட்டு சுழற்றிய ஒரு விருந்தையே அதன் பிறந்த நாளாகச் சொல்கிறார்கள்.

எகிப்துக்கு அது வந்தபோது ஒரு சிக்கல். நம்மிடம் செந்தமிழும் பேச்சுத் தமிழும் இருப்பதைப் போல அங்கே எழுதும் அரபு வேறு, தெருவில் பேசும் அரபு வேறு. ராப்புக்குத் தெருப் பேச்சே பொருத்தம் என்று காட்டிய முன்னோடிகளில் எம்.டி.எம். என்ற மூவர் குழுவும் ஒன்று. 2003-ல் வந்த அவர்களுடைய ஆல்பத்தின் பெயரே ‘அம்மா ஊரில் இல்லை’ என்று பொருள்படும். அம்மா வெளியூர் போயிருக்கும்போது பையன் அடிக்கும் கூத்துதான் விஷயம்.

அடுத்து வந்தது ‘ஒய் குரூ’. ஷாஹின், உமர் போஃப்லாட் ஆகியோர் இந்தக் குழுவினர். அலெக்சாந்திரியாவின் தெருக் கலைஞர்களைப் பற்றி அகமது அப்துல்லா இயக்கிய ‘மைக்ரோபோன்’ என்ற 2010-ம் ஆண்டுப் படத்தில் இவர்கள் தோன்றினார்கள். பாட இடம் கிடைக்காமல் கலைஞர்கள் அலைவதுதான் அந்தப் படத்தின் கதை.

2011 ஜனவரி 25-ல் மக்கள் எழுச்சி மூண்டது. கெய்ரோவின் ‘அரேபியன் நைட்ஸ்’ குழுவினர் போராட்ட நாட்களிலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். 2005-ல் தொடங்கிய குழு அது. பிப்ரவரி 11-ல் அதிபர் முபாரக் பதவி விலகினார்.

தலைமுறை மாற்றம்

பிறகு வேக்ஸ், மர்வான் பாப்லோ போன்றவர்கள் வந்தார்கள். ‘டிராப்’ என்ற புது தாளத்தைக் கையில் எடுத்தார்கள். கூட்டமும் விளம்பரப் பணமும் அவர்கள் பக்கம் போயின. ஷாஹின் போன்றவர்கள் ஒதுங்கிவிடவில்லை. தனியாகப் பாடத்தான் செய்கிறார்கள். மூத்தவர் என்ற மரியாதை இருக்கிறது. ஆனால் புதுப் பையன்களோடு அவர்களும் போட்டியிட்டே ஆகவேண்டும்.

ஒரே வாசல்

மூத்தவர், இளையவர் என்ற வித்தியாசம் பாராத வாசல் ஒன்றும் உண்டு. அது இசைக் கலைஞர் சங்கம். அதன் அனுமதி இல்லாமல் எகிப்தில் மேடை ஏற முடியாது. ராப்பின் தம்பி போன்ற ‘மஹ்ரகானத்’ என்ற தெருப் பாட்டுக்கு 2020 பிப்ரவரியில் சங்கம் தடை போட்டது. 2021 நவம்பரில் 19 பாடகர்களுக்குத் தடை வந்தது. 1970-களில் அகமது அதவியாவின் பாமரப் பாட்டுகளை அரசு வானொலி ஒதுக்கியபோது, கேசட்டுகள் அவற்றை டாக்சிகளிலும் டீக்கடைகளிலும் ஒலிக்கவைத்தன. அந்த வேலையை இப்போது செல்போன் செய்கிறது. ஆனால் பாட்டைக் கேட்பவர் பெருகினாலும், டிக்கெட் விற்று வயிறு வளர்க்க மேடை வேண்டுமே!

ஆபீசில் என்றால் சர்வீஸ் கணக்குப் பார்த்து சீனியாரிட்டி லிஸ்ட் போடுவார்கள். காலம் வந்தால் பிரமோஷன் வரும். பாட்டுத் தொழிலில் அப்படி லிஸ்ட் கிடையாது. இருபது வருஷம் பாடியவரும் அடுத்த பாட்டுக்குப் புது ஆளாகத்தான் நிற்கவேண்டும். எகிப்தின் மூத்த ராப் பாடகர்களுக்கு இன்று உள்ள இடம் இதுதான். தெருப் பேச்சை மேடைப் பேச்சாக்கியது அவர்கள் உழைப்பு. அதன் பலனை வாங்கிக்கொண்டிருப்பது அடுத்த தலைமுறை.